நின்ற விமானமும் குளவிக் கூடும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரண்டு கிழமை ஊருக்குப் போயிருந்து, வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிய ஒருநாள், வாசற் கதவின் பூட்டுத் திறக்க மறுத்தது. திறப்பு உள்ளே நுழையவே இல்லை. கடற்காற்றிற் பூட்டுத் துருப்பிடித்துவிட்டதென்று தந்தையார் தீர்ப்புச் சொன்னார். பூட்டுத் திருத்துபவர் ஒருவர் வந்தார். பார்த்த மாத்திரத்திலே புதுப் பூட்டுத்தான் போடவேண்டும் என்றார். பணமும் கொடுத்தாயிற்று. கழற்றிய பழைய பூட்டை மறுநாள் நான் நிலத்திலே தட்டிப் பார்த்தேன். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. திறப்புத் துவாரத்திலே குளவி கூடு கட்டியிருந்தது! பூட்டில் ஒரு குற்றமுமில்லை.

உங்களைச் சிரிக்க வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சிறிய ஜெட் விமானங்களிற் பழுதறிதலும் பராமரிப்பும் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட விடயம். அவ்விடயத்திற் பாதி அந்தப் பூட்டுக்குள்ளே இருக்கிறது.

காலி வீதி வழியே தெற்கே சில மைல் போனால் இரத்மலானை. 1935ஆம் ஆண்டில் அங்கே முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதற் பயணம் அங்கிருந்தே தொடங்கிற்று. காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. பெரிய விமானங்கள் பின்னர் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டன. இப்பொழுது இரத்மலானையிற் காண்பவை பயிற்சி விமானங்களும், உள்நாட்டு விமானங்களும், கம்பனித் தலைவர்களும் தனவந்தர்களும் வந்திறங்கும் சிறிய ஜெட் விமானங்களுமே.

பயணிகள் விமானம் ஒன்று நாளிற் பெரும்பகுதி ஆகாயத்திலிருக்கும். கம்பனி ஜெட் அப்படியன்று. எசமானுக்குக் கூட்டம் முடியும்வரை அது காத்து நிற்கும். சில வேளை மூன்று நாள், சில வேளை மூன்று கிழமை. ஓடாமல் நிற்பதனால் அதற்கு ஓய்வு கிடைக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மை நேர்மாறு. நிற்கும் ரயர் ஒரே இடத்திற் தட்டையாகும். இறப்பர் வளையங்கள் காய்ந்து கசியும். எங்கள் யன்னற் பிணைச்சல்களைத் தின்னுகிற அதே உப்புக் காற்று அலுமினியத்தையும் மின்னிணைப்புகளையும் தின்னும். பாதி நிரம்பிய எரிபொருட் தாங்கியில் ஈரம் நீராகி அடியிற் தங்கும். அந்நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்திலே ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து வடிகளை அடைக்கும். மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளிலே பூஞ்சணம் பிடிக்குமென்று முதன்முறை கேட்டபோது நான் நம்பவில்லை.

இனிக் குளவிக்கு வருவோம். விமானத்தின் முன்பக்கத்திலே பிற்றோ குழாய் என்றொரு சிறு குழாய் உண்டு. எதிர்க்காற்று அதன் வாயிற் புகுந்து அமுக்குகிறது. பக்கத்துத் தகட்டிலுள்ள நுண் துவாரங்கள் அசையாக் காற்றின் அமுக்கத்தை எடுக்கின்றன. இரண்டின் வித்தியாசமே வேகம். அந்தக் குழாயின் வாய், குளவிக்கு எங்கள் பூட்டுத் துவாரம் போலவே வசதியானது. குழாய் முற்றாக அடைபட்டால் வேகமானி நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள், நின்றுவிட்டால் நல்லது. உள்ளே அடைபட்ட அமுக்கம் அப்படியே இருக்க, மேலே ஏற ஏற வெளி அமுக்கம் குறையும். எனவே வேகம் கூடுகிறதென்று கருவி பொய் சொல்லும்.

1996 பெப்ரவரி 6ஆந் திகதி, டொமினிக்கன் குடியரசின் புவேட்டோ பிளாத்தா நகரிலிருந்து ஒரு போயிங் 757 புறப்பட்டது. பல நாள் பறவாமல் நின்ற விமானம். அதன் குழாய்களுக்கு உறை போட்டிருக்கவில்லை. வேகம் மிகையென்று கருவி காட்டியது. உண்மையில் விமானம் வேகமிழந்து கடலில் விழுந்தது. 189 பேர் மாண்டனர். பூச்சி கட்டிய மண் கூடே குழாயை அடைத்திருக்கலாமென்று விசாரணையாளர் கருதினர்.

அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி பேரு நாட்டின் லீமாவில் இன்னொரு 757. அதைக் கழுவி மெருகிடும்போது அசையாக் காற்றின் துவாரங்களை ஒட்டுநாடாவால் மூடியிருந்தார்கள். வேலை முடிந்தபின் எடுக்க மறந்தார்கள். மேற்பார்வையாளர் காணவில்லை, விமானியும் காணவில்லை. இருளிலே, உயரமும் தெரியாமல் வேகமும் தெரியாமல் 70 பேர் கடலிற் போனார்கள்.

இக்காலத்து ஜெட் விமானத்திற் கணனி இருக்கிறதே, பழுதை அதுவே சொல்லாதா என்று கேட்பீர்கள். சொல்லும். ஆனால் அது நோயின் குறியைச் சொல்லுமேயன்றி நோயைச் சொல்லாது. எரிபொருள் அளவு தவறு என்று அறிவித்தால், அவசரக்காரன் அளவுமானியை மாற்றுவான். கழற்றிய மானி பரிசோதனைச் சாலைக்குப் போய், குற்றமெதுவும் காணவில்லை என்ற சீட்டோடு திரும்பி வரும். விமானமோ அடுத்த பயணத்திலும் அதே பழுதைக் காட்டும். தெரிந்தவன் முதலிற் பதிவேட்டைப் புரட்டுவான். எப்பொழுது வந்தது? மழைக்குப் பின்னா? குளிர்ந்த உயரத்திலா? பின்பு தாங்கியின் அடிநீரை வடித்துப் பார்ப்பான். இணைப்பிற் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பான். பொருளை மாற்றுவது அவனுக்குக் கடைசி வேலை. எங்கள் பூட்டுக்காரருக்கு அது முதல் வேலையாயிருந்தது.

விமானிகளையும் விடுவதற்கில்லை. 2014 மே 31ஆந் திகதி அமெரிக்காவின் பெட்போர்ட் நகரில் கல்ப்ஸ்றீம் ஜெட் ஒன்று எழும்ப ஓடியது. நிற்கும்போது காற்றில் அடிபடாதபடி இறக்கை, வால் ஆகியவற்றின் அசையும் தகடுகளைப் பூட்டிவைக்கும் நெம்புகோலை எவரும் விடுவிக்கவில்லை. விமானம் எழும்பவில்லை; ஓடுபாதை கடந்து எரிந்தது. எழுவர் இறந்தனர். அவ்விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தார்கள். அதற்கு முந்திய 175 பயணங்களில் 173இல் அத்தகடுகளை முழுமையாக அசைத்துப் பார்க்கும் சோதனை செய்யப்படவில்லை! அனுபவம் மிக்க விமானிகள் அவர்கள். நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான்.

எனது சிறிய தந்தையார் இச்சபையில் இருக்கிறார், மன்னிக்கவேண்டும். பட்டப்படிப்பு முடிந்ததும் விமானப் பராமரிப்பு அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "தம்பி, ஸ்பனர் பிடிக்கவோ இவ்வளவு காலம் படித்தனீ?" என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் எங்கள் உறவினர் பலரும் அவர் பக்கந்தான். அன்று மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்கிறேன். வேலை முடிந்தபின், இவ்விமானம் பறக்கத் தக்கது என்று எழுதி, ஒருவன் தன் பெயரால் ஒப்பமிடவேண்டும். அவ்வொப்பம் இல்லாமல் எசமான் எவ்வளவு பெரியவரானாலும் விமானம் புறப்படாது. தவறு செய்தால் அதைத் தானே எழுதிக் கொடுக்கவும் வேண்டும். சித்தப்பா, அதற்குப் படிப்பு வேண்டும்.

குழாய்களுக்கு இடும் உறைகளில் நீண்ட சிவப்பு நாடா தொங்கும், தூரத்திலே தெரியும்படி. மூன்று உறை கழற்றினேன் என்று பதிவேட்டில் எழுதுபவன், மூன்றையும் கையிலே வைத்து எண்ணிக்கொண்டே எழுதவேண்டும் என்பது எனக்குச் சொல்லித் தந்தவர்களின் வழக்கம்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தாற் தேநீர் வேளையிற் கேளுங்கள்.