கழற்ற முடிகிற மாதிரி ஒட்டுங்க

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நான் வாலாஜாபாத்ல இருந்து பேசறேன். ஒரகடம் பக்கத்துல கார் உதிரி பாகம் செய்ற ஒரு கம்பெனியில குவாலிட்டி பிரிவுல வேலை. மூணு ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்து இறங்கினா உடனே தூக்கம் வராது. அந்த நேரத்துல நான் செய்ற ஒரு வேலையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கையால புத்தகம் கட்டறது, அதுக்கு ஸ்லிப்கேஸ் செய்றது.

ஸ்லிப்கேஸ்னா ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிற அட்டைப் பெட்டி. புத்தகத்தை அதுக்குள்ள செருகிடுவோம். முதுகு மட்டும் வெளியில தெரியும். தூசி, வெளிச்சம் ரெண்டும் தாளைத் தொடாது.

இது ஏதோ வெளிநாட்டுப் பொழுதுபோக்குன்னு சிலர் நினைக்கிறாங்க. புத்தகம் கட்டறது நம்ம வீடுகள்ல ரொம்ப நாளா நடந்ததுதான். வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையை வாரா வாரம் பிரிச்சு எடுத்து, சேர்த்து வச்சு, கதை முடிஞ்சதும் பைண்டிங் கடையில கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்குவாங்க. உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கலாம். கடையில விக்கிற புத்தகத்துல கிடைக்காத விஷயமெல்லாம் அதுல இருக்கும். வாரா வாரம் வந்த ஓவியம், பின்பக்கத்துல பாதி நகைச்சுவைத் துணுக்கு, ஒரு சோப்பு விளம்பரம்.

எங்க தாத்தா அப்படிச் சேர்த்தது ‘பொன்னியின் செல்வன்’. 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கியில தொடரா வந்தது, மணியம் ஓவியங்களோட. தாத்தா காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர் சங்கத்துல கணக்கு எழுதினவர். அஞ்சு பாகத்தையும் அஞ்சு வால்யூமா கட்டி வச்சிருந்தார். கணக்குப் பேரேட்டுக்குப் போடுற அதே சிவப்பு காலிகோ துணி.

அந்தக் கதை ஆடிப் பெருக்கு அன்னைக்கு வீராணம் ஏரிக்கரையில ஆரம்பிக்கும். எங்க அம்மா வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டு அன்னைக்குத்தான் முதல் வால்யூமை எடுப்பாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா படிச்சு அஞ்சாம் பாகத்துக்கு வர்றப்போ கார்த்திகை ஆயிடும். படிப்பாங்கன்னு சொல்றேன், ஆனா பாதி அவங்களுக்கு மனப்பாடம்.

நான் முதல்ல கட்டினது சாதாரண நோட்டுப் புத்தகம். நாலு தாளை நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகினா ஒரு கட்டு. அந்த மாதிரி ஏழெட்டுக் கட்டு. மடிப்புல குத்தூசியால துளை போட்டு, மெழுகு தடவின நூலால ஒரு கட்டை அடுத்த கட்டோட சேர்த்துத் தைக்கணும். இப்படித் தைச்ச புத்தகம் மேஜை மேல வச்சா தட்டையா விரியும். தாத்தாவோடது விரியாது. பத்திரிகையில இருந்து எடுத்தது தனித்தனித் தாள்ங்கறதால ஓரத்துல துளை போட்டுத் தைச்சிருப்பாங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் படிக்கணும்.

அடுத்து கத்துக்கிட்டது தாளோட நார் ஓட்டம். ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழ ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை கிழிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் நேரா கிழியும், இன்னொரு பக்கம் கோணலா போகும். நேரா கிழியற திசைதான் நார் ஓடுற திசை. அது புத்தகத்தோட முதுகுக்கு இணையா இருக்கணும். குறுக்க இருந்தா பசை பட்டதும் அட்டை அப்பளம் மாதிரி வளையும். அட்டையும் தாளும் வாங்க நான் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போவேன். அங்க முதல்ல தாளை லேசா வளைச்சுப் பார்த்துத்தான் எடுப்பேன்.

ஒரு வருஷம் நோட்டு கட்டினதும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு. தாத்தாவோட அஞ்சு வால்யூமுக்கும் ஸ்லிப்கேஸ் செய்யலாம்னு உட்கார்ந்தேன். அது சித்திரை மாசம், நல்ல வெயில். கம்பெனியில நான் வெர்னியர் காலிபர் பிடிக்கிற ஆள். ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு தப்பினாலும் பீஸை ரிஜெக்ட் பண்ணுவேன். அதே புத்தியோட புத்தகத்தை அளந்தேன். ரெண்டு மில்லிமீட்டர் கிரே போர்டு, மர வேலைக்குப் போடுற வெள்ளைப் பசை. சுத்தி அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி விடலை. புத்தகத்தைச் செருகினா பிஸ்டன் மாதிரி காத்தைத் தள்ளிக்கிட்டு உள்ள போகும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை.

கார்த்திகையில மழை பிடிச்சது. நான் செகண்ட் ஷிஃப்ட். அம்மா அஞ்சாம் பாகத்தை எடுக்கப் போயிருக்காங்க, வரலை. தாள் ஈரக் காத்தை இழுத்து உப்பிடுச்சு. பெட்டியில பிடிக்க இடமே இல்லாததால முதுகோட மேல் நுனியில விரலை விட்டு இழுத்திருக்காங்க. காலிகோ முதுகு மேலிருந்து பாதி வரைக்கும் கிழிஞ்சுடுச்சு.

ராத்திரி பன்னிரண்டரைக்கு நான் வந்தப்போ முழிச்சிருந்தாங்க. “நான்தான் வேகமா இழுத்துட்டேன்டா”ன்னாங்க. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. தாத்தா காலத்துல இருந்து மழை, வெயில், வீடு மாத்தினதுன்னு எல்லாத்தையும் தாண்டி வந்த புத்தகம் அது. அதைக் காப்பாத்தறேன்னு நான் செஞ்ச பெட்டிதான் அதைக் கிழிச்சது.

ரிப்பேர் பண்ண உட்கார்ந்தப்போதான் பெரிய பாடம். முதல்ல புத்தகத்தை வெளிய எடுக்கணும். பெட்டியைப் பிரிக்கலாம்னு பார்த்தா அந்த வெள்ளைப் பசை காய்ஞ்சு இறுகிப் போயிருக்கு. தண்ணிக்கு அசையலை. கடைசியில கத்தியால பெட்டியையே அறுத்தேன். ஆனா தாத்தாவோட புத்தகம்? ஈரத் துணியை முதுகு மேல போட்டு கால் மணி நேரம் விட்டேன். துணி தானா இளகி உரிஞ்சு வந்தது. ஏன்னா அது மைதா பசை. உள்ள முதுகுக்கு ஒட்டியிருந்தது ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையோட வீணான தாள். மாப்பிள்ளை பேர்ல பாதிதான் இருந்தது. அந்த பைண்டர் கையில கிடைச்ச தாளை ஒட்டியிருக்கார். அதையும் திருப்பி அதே இடத்துல ஒட்டிட்டேன்.

கம்பெனியில நாங்க செய்றது பிரியவே கூடாத இணைப்பு. வெல்டிங் விட்டுச்சுன்னா உயிர் போகும். புத்தகம் அப்படி இல்லை. எப்படியும் ஒருநாள் யாராவது அதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும். அந்த ஆளுக்கு வழி விட்டுக் கட்டணும். நம்ம ஓலைச்சுவடியை யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் சட்டம், நடுவுல துளை, ஒரு கயிறு. ஒரு ஓலை செல்லரிச்சா கயிறை அவிழ்த்து, புது ஓலையில எழுதி, கோத்துக் கட்டிடலாம். பசையே கிடையாது.

கைத்தையல் எல்லாம் பழைய காலத்தோட போச்சுன்னும் சொல்ல முடியாது. சென்னையில 1994ல தொடங்கின தாரா புக்ஸ் இன்னைக்கும் கையால செஞ்ச தாள்ல, ஸ்க்ரீன் பிரிண்ட் பண்ணி, கையால தைச்சுப் புத்தகம் போடுறாங்க. கோண்டு ஓவியர்கள் மரங்களை வரைஞ்ச அவங்களோட ஒரு புத்தகம் 2008ல இத்தாலியில பொலோன்யா புத்தகச் சந்தையில பரிசு வாங்கினது. அதுல ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு.

சரி, இப்போ நான் எப்படிச் செய்றேன்? மைதா ஒரு பங்கு, தண்ணி அஞ்சு பங்கு. கட்டியில்லாம கரைச்சு, அடுப்பை சிம்ல வச்சு, பளபளன்னு வர்ற வரைக்கும் கிளறணும். பூச்சி வராம இருக்க பைண்டிங் கடையில மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், வீட்டு அடுப்படியில வேண்டாம். தேவைக்குக் கொஞ்சமா காய்ச்சி, மிச்சத்தை மறுநாள் கொட்டிடுவேன். பசை நல்லா காயணும். ஈரம் இருந்தா பூஞ்சை வரும். அவசரப்பட்டா இந்த வேலை ஆகாது.

பெட்டிக்கு இப்போ உயரத்துலயும் தடிமன்லயும் மூணு மில்லிமீட்டர் இடம் விடறேன். அளவு எடுக்கிறது மழைக்காலத்துல மட்டும். வாய்ப்பகுதியில ரெண்டு பக்கமும் டம்ளரை வச்சு அரை வட்டம் வரைஞ்சு வெட்டிடுவேன், விரல் வச்சுப் புத்தகத்தைப் பிடிக்க. உள்ள ஒரு ரிப்பன், இழுத்தா புத்தகம் தானா முன்னாடி வரும். கிரே போர்டு நேரா தாள்ல படாம இருக்க உள்பக்கம் நல்ல வெள்ளைத் தாள் ஒட்டறேன்.

போன கார்த்திகையில அம்மா ரிப்பனை இழுத்து அஞ்சாம் பாகத்தை எடுத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிக்க ஆரம்பிச்சாங்க.

அந்த அஞ்சு பெட்டிக்கும் அடியில பென்சிலால ஒரு வரி எழுதியிருக்கேன். எனக்கப்புறம் யாராவது பிரிக்கணும்னா அவங்களுக்காக: “மைதா பசை. ஈரத் துணி போதும்.”