பால் மரத்துக்குச் சொந்தம் யார்?



ரப்பர் மரத்துக்குச் சொந்தம் யார் என்று கேட்டால், "பலாவிலும் பப்பாளியிலும் பால் வடியுதே, அதுங்கதான்" என்பீர்கள். இல்லீங்க! அவை வேறு வேறு குடும்பம். வெள்ளைப் பால் வடியாத ஆமணக்குதான் ரப்பருக்கு உறவு, மரவள்ளியும் உறவு. காயை உடைத்துப் பாருங்கள்: மூன்றிலும் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை.

இந்த உறவுமுறையை அறிய அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், பூவின் மகரந்தக் கேசரங்களைக் கொண்டு செடிகளைப் பிரித்தார். எளிய வழிதான். ஆனால் ஆமணக்கும் பைன் மரமும் ஒரே கூட்டத்தில் போய் விழுந்தன! 1859-இல் டார்வின், உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்தவை என்று விளக்கினார். அதன்பின் செடிகளை வகைப்படுத்துவது குடும்ப வரலாறு தேடும் வேலையாயிற்று. 1993-இல் ஏறக்குறைய 500 விதைத் தாவரங்களின் ஒரே மரபணுவை ஒப்பிட்டு, பெரியதொரு உறவு மரம் வரைந்தார்கள்.

அந்த முறைக்கும் பிடிகொடுக்காத செடி ஒன்று நம் நாட்டிலேயே, பேராக் காடுகளிலே பூக்கிறது. அதுதான் ராஃப்லேசியா. இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. காட்டுக்கொடியின் உள்ளே ஒட்டுண்ணியாக வாழ்ந்து, பூவை மட்டும் வெளியே காட்டும். இதன் இனத்தில் ஒன்றின் பூ ஒரு மீட்டர் அகலம் வரும்! பச்சையம் இல்லாததால் 1993-இல் ஒப்பிட்ட மரபணு இதற்கு உதவாது. போதாக்குறைக்கு, இதன் மரபணுக்களில் சில, அது ஒட்டி வாழும் கொடியிடமிருந்து வந்து புகுந்தவை. அதில் ஒன்றை மட்டும் நம்பினால் கொடியையே தாய் என்று சொல்லிவிடுவோம்!

2007-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து சார்ல்ஸ் டேவிஸ் குழுவினர் பல மரபணுக்களைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். விடை என்ன தெரியுமா? ராஃப்லேசியா ரப்பர் மரத்தின் சொந்தம்! சின்னஞ்சிறு பூப்பூக்கும் பரம்பரையில் வந்த பெரிய பூ அது.

பெற்றோர்களே, ஓர் அடையாளத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பலவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களே உண்மையைக் கண்டார்கள். ஒரு பரீட்சைப் புள்ளியை வைத்து நம்ம பிள்ளைகளை எடை போட்டுவிடாதீர்கள். இன்று மேடையேறாமல் கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளையையும் நன்றாகப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கே ரப்பர்க்காய் ஒன்று, ஆமணக்குக்காய் ஒன்று எடுத்து உடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.