நீரில் இடுவதா, உறையில் விடுவதா?



முத்திரை சேகரிப்போர் எவரும் சந்திக்கும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். பழைய கடிதவுறை ஒன்று கைக்கு வருகிறது. அதன் மூலையில் பாவித்த முத்திரை ஒன்று ஒட்டியிருக்கிறது. அதை நீரில் ஊறவைத்துக் கழற்றி அல்பத்தில் சேர்ப்பதா, அல்லது உறையோடே விட்டுவைப்பதா? கேள்வி சிறிதுதான். ஆனால் நீரில் இட்டபின் அந்த முடிவை மாற்ற வழியில்லை.

இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கடிதம் இலக்கியமாகும் என்றால் அதன் உறைக்கும் நம் கவனத்தில் கொஞ்சம் இடம் வேண்டாமா? திகதியிடாமல் எழுதும் எழுத்தாளர் பலர். அவர்களது கடிதம் எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பல வேளைகளில் உறைமேல் விழுந்த தபாலகச் சீல்தான் சொல்கிறது.

ஊறவைக்கும் முறை எளிது. முத்திரையைச் சுற்றி ஒரு விரல் அகலம் தாள் விட்டு வெட்ட வேண்டும். அகன்ற தட்டில் குளிர்ந்த நீரோ, இளஞ்சூடான நீரோ விட்டு மிதக்கவிட வேண்டும். கால்மணி நேரத்தில் பசை கரையும். அப்போது முத்திரையை இழுக்கக்கூடாது. தாளைத்தான் இழுக்க வேண்டும். பின்னர் சாவணத்தால் எடுத்து, மையொற்றுத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே கனத்த புத்தகம் ஒன்றை வைத்தால் சுருங்காமல் உலரும்.

எல்லா முத்திரைகளும் இதற்கு உடன்படுவதில்லை. உலகின் முதல் முத்திரையான கறுப்புப் பென்னி 1840இல் வந்தபோது அதன்மேல் சிவப்பு மையால் சீல் குத்தினார்கள். அந்த மையை அழித்து முத்திரையை மீண்டும் ஒட்டலாம் என்ற அச்சம் எழவே, 1841இல் முத்திரையைச் சிவப்பாக்கிச் சீலைக் கறுப்பாக்கினார்கள். பின்னர் 1883–84இல் வெளிவந்த பிரித்தானிய முத்திரைகளை நீர்பட்டால் கரையும் மையிலேயே அச்சிட்டார்கள். அவற்றைத் தட்டில் இட்டால் நிறம் நீரோடு போய்விடும். சிவப்பு உறையில் ஒட்டியவற்றுக்கு உறையின் சாயமே எதிரி. இந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் வந்த தானாக ஒட்டும் முத்திரைகளிற் பல நீருக்கு அசைவதேயில்லை.

கழற்ற முடிந்தாலும் கழற்றலாமா என்பது வேறு கேள்வி. மொரீசியஸ் தீவிலிருந்து 1847இல் பிரான்சின் போர்தோ நகர வைன் வணிகருக்கு ஒரு கடிதம் போனது. அத்தீவின் முதல் முத்திரைகள் இரண்டும், ஒரு பென்னியும் இரண்டு பென்சும், அந்த ஒரே உறையில் சேர்ந்திருக்கின்றன. 1993இல் சூரிச் நகரில் அது பல மில்லியன் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. யாரோ ஒரு பையன் இரண்டையும் கழற்றி அல்பத்தில் ஒட்டியிருந்தால், அவை சேர்ந்து பயணம் செய்த கதை அன்றோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று நம் துறையைச் சேர்ந்தது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஒரு தாளில் புகைவண்டி எஞ்சின் படமுள்ள மூன்று சத முத்திரையை ஒட்டி, பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்டின் பெயர் அச்சான சிறு நறுக்கையும் அதனோடு சேர்த்து, சுற்றிலும் கவிதை எழுதினார். 1869இல் வெளிவந்த அந்த முத்திரை பாவிக்கப்படாதது. சேகரிப்பவன் கைக்கு அது போயிருந்தால் முத்திரை தப்பியிருக்கும். கவிதை நீரில் போயிருக்கும்.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்த உறைகளை ஒருநாள் தரையில் பரப்பிவிட்டு, "அப்பப்பா, எல்லாத்தையும் ஊறப்போடட்டோ?" என்று கேட்டான். இருவருமாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். பெரும்பாலானவற்றை நானே நீரில் இடச் சொன்னேன். கடை விளம்பர உறைகளையும், சீல் அரைகுறையாக விழுந்தவற்றையும் காத்துவைத்து யாருக்கு என்ன பயன்?

ஒன்றை மட்டும் எடுத்து வேறாக வைத்தேன். மகாராணியின் தலையுள்ள சாதாரண பிரித்தானிய முத்திரை அது. அவனிடம் அதே முத்திரை பத்துக்குமேல் உண்டு. "இது என்னத்துக்கு?" என்றான். சீலைப் படிக்கச் சொன்னேன்: இலண்டன், 1983 யூலை. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வீட்டு முகவரி. அது வந்து சேர்ந்தபோது அங்கே நாங்கள் இல்லை. அகதிகளாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போயிருந்தோம். முகவரியின் குறுக்கே ஒரு கோடு. அதன் கீழே எங்கள் பெரியப்பாவின் ஊர் முகவரி, ஆங்கிலத்தில், பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவரின் கையெழுத்தில். ஊர்ப்பெயரில் இரண்டெழுத்துப் பிழை. பின்புறத்தில் ஒக்டோபர் மாதச் சீல்.

உள்ளே இருந்த கடிதத்தில் நலம் விசாரிப்பைத் தவிர வேறொன்றுமில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் உறைதான் சொல்கிறது. முத்திரையை வெட்டியெடுத்தால் புறப்பட்ட திகதி போய்விடும். புறப்பட்ட திகதிக்கும் சேர்ந்த திகதிக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்களில்தான் அந்தப் பெரியவர் எங்கள் முகவரியைத் தேடியிருக்கிறார். அவர் இன்று இல்லை. அவர் கையால் எழுதியதாக என்னிடம் எஞ்சியிருப்பது அந்த மூன்று வரிகளே.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பழைய உறைகளைப் பிள்ளைகள் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன் இருபுறமும் ஒருமுறை வாசியுங்கள். முத்திரை மட்டுமே பேசினால் நீரில் இடலாம். உறையும் பேசினால், முத்திரையை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.