பன்னிரண்டரை மணிக்கு லியோன்ல இருங்க

பிரான்ஸ் போறோம், லியோன்ல ரெண்டு நாள் இருப்போம், எங்க சாப்பிடலாம்னு கேட்டிருந்தீங்க. ராத்திரிச் சாப்பாட்டை உங்க இஷ்டத்துக்கு விட்டுடறேன். ஒரு மதியத்தை மட்டும் என்கிட்ட கொடுங்க.

பாரீஸ்ல பிஸ்த்ரோன்னு சொல்ற மாதிரி சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு லியோன்ல தனிப் பேரே இருக்கு: பூஷோன். நெருக்கி நெருக்கி மேசை போட்டிருப்பாங்க, பக்கத்து ஆள் முழங்கை நம்ம தட்டுல இடிக்கும். பன்னிரண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும்தான் மதியச் சாப்பாடு. ரெண்டரைக்குப் போய் நின்னீங்கன்னா அடுப்பை அணைச்சிருப்பாங்க, கெஞ்சினாலும் நடக்காது. ஞாயிறும் திங்களும் நிறைய கடைக்கு லீவு, அதனால முன்னாடியே கேட்டு இடம் சொல்லி வச்சுடுங்க.

உள்ளே நுழைஞ்சதும் முதல்ல பொன்ஜூர். இதைச் சொல்லாம நேரா இடம் கேட்டீங்கன்னா, அப்புறம் நீங்க எவ்வளவு சிரிச்சாலும் பரிமாறுறவர் முகம் இறுகித்தான் இருக்கும். அடுத்தது ஒரு வார்த்தைக் குழப்பம். நாம மெனு கொடுங்கன்னு கேட்போம். அங்க மெனுன்னா விலை நிர்ணயிச்ச முழுச் சாப்பாடு. பட்டியல் வேணும்னா 'லா கார்த்'னு கேக்கணும். ஆனா அதையும் கேக்காதீங்க, சுவத்துல இருக்கிற கரும்பலகையைப் பாருங்க. 'ஃபோர்முல்'னு எழுதி ரெண்டு அயிட்டத்துக்கு ஒரு விலை போட்டிருப்பாங்க. அதே சமையலை ராத்திரியில சாப்பிட்டா பில்லு பெரும்பாலும் கூடத்தான் வரும்.

என்ன சாப்பிடறது? இந்த ஊர் ஒரு காலத்துல பட்டு நெசவாளர்கள் ஊர். 'கனூ'ன்னு அவங்களுக்குப் பேரு. விலை கம்மியான குடல், ஈரல், பன்னிக்கறின்னு உழைக்கிறவங்க சாப்பிட்டதுதான் இன்னிக்கு இந்த ஊருக்கே பெருமை. இட்லிக்குக் குடல் குழம்பு தொட்டு வளர்ந்தவங்களுக்கு இதுல பயமே வேண்டாம். 'தப்லியே த சப்பேர்'னு ஒண்ணு: மாட்டுக் குடலை வெள்ளை வைன்ல ஊறவச்சு, ரொட்டித்தூள்ல பிரட்டிப் பொரிச்சது. 'அந்துயெத்'துன்னா குடலுக்குள்ளயே குடலை அடைச்ச சாசேஜ். அதோட வாசனை மேசைக்கு முன்கூட்டியே வந்துடும், எனக்கு அது ஒரு தடவை போதும்னு ஆயிடுச்சு. முதல் தடவைக்கு நான் சொல்றது 'கெனெல்'. மீனை அரைச்சு, முட்டை மாவோட சேர்த்து, நீளக் கொழுக்கட்டை மாதிரி பிடிச்சு, நன்னீர் இறால் சாஸ் ஊத்தி அவன்ல வைப்பாங்க. உப்பிப் பொங்கி வரும்.

இன்னொண்ணு 'செர்வெல் த கனூ'. நெசவாளியோட மூளைன்னு அர்த்தம். பதறாதீங்க, மூளையெல்லாம் கிடையாது. கெட்டித் தயிர் மாதிரி பாலாடைக்கட்டியில பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மூலிகை கலந்தது. சைவக்காரங்க தைரியமா கேக்கலாம். ஆனா அதைத் தாண்டி அவங்களுக்கு இங்க பெருசா ஒண்ணும் கிடைக்காது. சாலட்டுன்னு நம்பிடாதீங்க, 'சலாத் லியோனேஸ்'ல பன்றிக்கறித் துண்டும் முட்டையும் இருக்கும்.

தண்ணின்னு மட்டும் சொன்னா பாட்டிலைத் திறந்து வச்சுடுவாங்க, அதுக்குக் காசு. 'உய்ன் கராஃப் தோ'ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி இலவசம், ரொட்டியும் அப்படித்தான். ரொட்டிக்குத் தனித் தட்டு வராது, மேசைமேலயே வச்சுக்கலாம். வைன் குடிக்கிறவங்க 'போ' கேக்கலாம்: அடி தடிச்ச கண்ணாடிப் புட்டி, 46 சென்டிலிட்டர், ரெண்டு பேருக்குத் தாராளம்.

காப்பி இனிப்புக்கு அப்புறம்தான் வரும், அதுவும் பால் இல்லாம. பில்லைத் தானா கொண்டுவர மாட்டாங்க, அப்படிக் கொண்டுவந்தா கிளம்புங்கன்னு விரட்டுற மாதிரி ஆகிடும்னு அவங்க நினைப்பு. 'லாதிசியோன், சில் வூ ப்ளே'ன்னு நீங்கதான் கேக்கணும். சேவைக் கட்டணம் விலையிலேயே இருக்கு, மனசு குளிர்ந்தா ரெண்டு யூரோ நாணயம் வச்சுட்டு வாங்க.

வெளியே வர்றப்போ மணி மூணு ஆகியிருக்கும். ஃபூர்வியேர் குன்றுமேல இருக்கிற தேவாலயத்துக்குப் பழைய லியோன்லேர்ந்து கேபிள் ரயில் போகுது. அதுல ஏறிக்கோங்க. அந்த வயித்தோட படி ஏறலாம்னு மட்டும் நினைக்காதீங்க.