தூரக் கண்ணாடி

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முன்னாள் மாணவர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து இப்பள்ளிக்கு ஒரு ஸூம் பைனாகுலர் வாங்கி வந்திருக்கிறோம். மலாயில் இதைத் தெரோப்போங் என்பார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தோட்டத்தில் 'தூரக் கண்ணாடி' என்போம். "கோப்பையோ கேடயமோ கொடுக்கலாமே, இது எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதிலாக என் கதையையே சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு 'மக்கு' என்று பெயர். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாக எழுதுவேன். அடியும் வாங்குவேன். எனக்குத் தெரிவது போலத்தான் எல்லாருக்கும் உலகம் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். தூரத்துப் பால்மரம் என்றால் பச்சைப் புகை, கோயில் கோபுரம் என்றால் வண்ணக் கலவை, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்துக் கிராணி ஐயாவிடம் ஒரு தூரக் கண்ணாடி இருந்தது. தீபாவளியன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தார். என் முறை வந்தது. நடுவிலிருந்த சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். திடீரென்று கோபுரத்தில் ஒரு சிலைக்குக் கண் தெரிந்தது, மூக்கு தெரிந்தது! பால்மரத்தில் தனித்தனியாக இலை தெரிந்தது! நான் கொடுக்க மனமில்லாமல் நின்றேன்.

எனக்குப் பின்னால் வந்தவன், "ஐயா, ஒன்னுமே தெரியலைங்க" என்றான். கிராணி ஐயா சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தார். சும்மா இருப்பேனா நான்? இரண்டாம் தடவையும் வரிசையில் புகுந்தேன். மறுபடியும் அதே கதை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். மாலையில் என் அப்பாவைக் கூப்பிட்டு, "ஏம்பா, உன் பையன் மக்கு இல்லப்பா. அவனுக்குக் கிட்டப்பார்வை. மத்த பிள்ளைங்க பார்க்கிற இடத்தைத் தாண்டி ரொம்ப தூரம் சக்கரத்தைத் திருப்புறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார். "சரிங்க ஐயா" என்று சொன்ன அப்பா, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னை டவுனுக்கு அழைத்துப் போனார். மூக்குக் கண்ணாடி போட்ட அன்றுதான் கரும்பலகையை நான் முதன்முதலாகப் படித்தேன்.

ஆகவே, பெற்றோர்களே, ஆசிரியர்களே! இந்தக் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது சக்கரத்தையும் கவனியுங்கள். ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் மிகுதியாகத் திருப்பினால், அதன் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இனி, மாணவர்களே, இதைப் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். இதன்மேல் 8–24 × 50 என்று போட்டிருக்கிறது. முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம்: 8 மடங்கிலிருந்து 24 மடங்கு வரை கூட்டலாம். 50 என்பது முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். கையில் வாங்கியதும் எல்லாரும் நேராக 24-க்குத்தான் தள்ளுவார்கள். அது தவறு. மடங்கு கூடினால் உருவம் மட்டுமா பெரிதாகிறது? கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது. பார்க்கும் பரப்பு சுருங்குகிறது. வெளிச்சமும் குறைகிறது. 50-ஐ 8-ஆல் வகுத்தால் 6-க்குச் சற்று மேல். 24-ஆல் வகுத்தால் 2-க்குச் சற்று மேல். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். எனவே முதலில் 8-இல் வைத்துத் தேடுங்கள். கிடைத்த பிறகு மெல்லக் கூட்டுங்கள். அந்தி நேரத்தில் கூட்டவே வேண்டாம்.

கண்ணுக்குப் பொருத்தும் முறை இது. முதலில் இரு குழல்களையும் மடக்கியோ விரித்தோ, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி குறைவு. முழுக்க மடக்கினாலும் பொருந்தாவிட்டால் ஒற்றைக் கண்ணால் பார்க்கட்டும். பிறகு மடங்கை உச்சத்தில் வைத்து, அசையாத பொருள் ஒன்றைப் பாருங்கள். வலக் கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக் கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். சக்கரத்தைத் தொடக்கூடாது. அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கண்ணுக்குரிய இடம். கடைசியில் மடங்கைக் குறைத்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை மடித்துக்கொண்டால் முழுக் காட்சியும் தெரியும்.

கை நடுங்குகிறதா? முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு சுவரிலோ மரத்திலோ சாய்ந்து நில்லுங்கள். உச்ச மடங்கிற்கு மூன்றுகால் தாங்கிதான் சரி. அதையும் சேர்த்தே தந்திருக்கிறோம்.

எதைப் பார்ப்பது? தூரம் போக வேண்டியதில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் எலித் தொல்லைக்காகக் கூகைகளுக்குக் கூடுபெட்டி வைப்பார்கள். அந்தி சாய்கையில் கூகை வெளியே வருவதைத் தள்ளி நின்று பாருங்கள். பெட்டிக்குக் கிட்டே போய்க் குஞ்சுகளைக் கலைக்காமல் பார்க்கத்தானே இந்தக் கருவி! மார்ச் மாத வாக்கில் போர்ட்டிக்சனுக்கு அருகேயுள்ள தஞ்சோங் துவானுக்குப் போனால், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளைக் காணலாம். இரவில் தாங்கியில் பொருத்தி வியாழனைப் பாருங்கள். பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை அதன் நிலாக்கள். 1610-இல் கலிலியோ கண்டு உலகை வியக்க வைத்த அந்த நான்கு நிலாக்களையும் நம் பள்ளித் திடலில் நின்றே நீங்கள் காணலாம்.

ஆனால் ஒன்று. சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது! விளையாட்டுக்காகக்கூட ஒரு நொடி திருப்பக் கூடாது. லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்து விழித்திரையைச் சுட்டுவிடும்; விழித்திரைக்கு வலி தெரியாது; பார்வை போன பிறகுதான் தெரியும். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்முனையிலும் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படிப்பட்ட நாளில் ஆவலில் இதைத் தூக்கிவிடாதீர்கள். சூரியனுக்கென்று செய்த வடிகட்டி முன்பக்க லென்ஸ் இரண்டிலும் பொருத்தப்படாமல் பார்த்தால் கண் போய்விடும். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: அடுத்தவர் வீட்டுப் பக்கமும் திருப்பக் கூடாது. அதில் கண் போகாது, மானம் போகும்!

பராமரிப்பை நான் பட்டுத்தான் கற்றேன். சம்பாதிக்கத் தொடங்கியதும் ஆசை ஆசையாக ஒரு ஸூம் பைனாகுலர் வாங்கினேன். தூசு பட்டால் கைலி முனையால் அழுத்தித் துடைப்பேன். தூசு என்பது பொடி மணல்தானே? லென்ஸ் முழுவதும் கீறல் விழுந்தது. மழையில் நனைந்ததை அப்படியே தோலுறையில் போட்டு அலமாரியில் பூட்டினேன். சில மாதம் கழித்து எடுத்தால், உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை! மிச்சமிருந்த உயிரும் ஒரு நாள் சிமெந்துத் தரையில் விழுந்தபோது போயிற்று. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தால் ஒரு மரம் இரண்டாகத் தெரிந்தது, தலைவலி வந்தது. ஸூம் கருவியில் இரு பக்கமும் ஒன்றுபோல நகரும்படி உள்ளே இணைப்பு இருக்கிறது. அது சற்றே பிசகினாலும் இரு கண்ணுக்கும் இரு காட்சி. பழுது பார்க்கக் கேட்ட கூலியில் புதிதே வாங்கலாம் என்றார்கள்.

என் தவறு உங்களுக்குப் பாடமாகட்டும். எடுத்ததும் வாரைக் கழுத்தில் மாட்டுங்கள். ரப்பர் ஊதியால் தூசை ஊதுங்கள். மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். அதற்குப் பின்னரே மூச்சுவிட்டு, லென்ஸ் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடையுங்கள். எச்சில் வேண்டாம். பால் பிசினோ எண்ணெயோ பட்ட கை வேண்டாம். திருகைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆராய்ச்சியும் வேண்டாம்! மடங்கு மாற்றும் நெம்புகோலைப் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். வெயிலில் நிற்கும் காரிலோ, வெயில் விழும் சன்னலோரத்திலோ வைக்காதீர்கள்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே நன்றாக உலர்ந்த பிறகு, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஆரஞ்சு பச்சையானதும் ஈரம் குடித்துவிட்டது என்று அறிந்து மாற்றலாம். ஆண்டு முழுவதும் பூட்டிவைப்பதும் ஆகாது. வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். யார் எடுத்தது, யார் திருப்பி வைத்தது என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் டப்பாவோடு இருக்கட்டும்.

அன்பர்களே! இன்று மேடையேறிப் பரிசு பெற்ற பிள்ளைகளை வாழ்த்துகிறேன். பரிசு பெறாத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த வரிசையில் ஒரு காலத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை மக்கு என்று ஒதுக்காமல், சக்கரம் திரும்பியிருந்ததைக் கவனித்த ஒரு மனிதரால்தான் இன்று உங்கள் முன் பேசுகிறேன். இந்தத் தூரக் கண்ணாடி பல ஆண்டுகள் பழுதில்லாமல் இருந்து, இன்னும் பல பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரட்டும். அதைக் காப்பது உங்கள் பொறுப்பு.