திருத்தத்தை ஏற்கிறேன்



ஒரு புதிய நாடு தனக்கான அரசியல் சட்டத்தை எப்படி எழுதிக்கொள்கிறது? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. இதற்காக உலகம் சுற்ற வேண்டாம். நம் கதையே போதும்.

1946 டிசம்பர் 9. தில்லியில் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடுகிறது. அன்று நாடு இன்னும் வெள்ளையர் கையில். முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வரவில்லை. அடுத்த ஆகஸ்டில் நாடே இரண்டாகிவிட்டது. வங்காளத்திலிருந்து தேர்வாகி வந்திருந்த அம்பேத்கர், பிரிவினையோடு தம் இடத்தை இழந்தார். அவரை பம்பாயிலிருந்து மறுபடியும் தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்தார்கள். யார்? காலமெல்லாம் அவர் யாரைக் கடுமையாக விமர்சித்தாரோ, அந்தக் காங்கிரஸ்காரர்கள்! 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக்குழுவுக்கு அவரே தலைவரானார்.

ஏழு பேர் கொண்ட குழு அது. அந்த ஏழு பேர் என்ன ஆனார்கள் என்பதை 1948 நவம்பரில் சபையிலேயே எழுந்து சொன்னவர் நம் சென்னைக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு அரசாங்க வேலை, ஓரிருவர் தில்லியிலிருந்து தொலைவில் இருந்தார்கள். கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். உண்மை. அதே அம்பேத்கர், முதல் வரைவைத் தயாரித்த பி.என்.ராவுக்கும் வாசகங்களைச் செதுக்கித் தந்த எஸ்.என்.முகர்ஜிக்கும் சபையறியப் பங்கு கொடுத்தார். அதுவும் உண்மை.

ராவின் முதல் வரைவில் 243 பிரிவுகள். 1948 பிப்ரவரியில் குழு தந்த வரைவில் 315. அதை அச்சிட்டு எட்டு மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நிறைவேறியபோது 395. நடுவில் உறுப்பினர்கள் கொடுத்த திருத்த நோட்டீசுகள் 7,635. அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. இந்த எண்களை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ‘அம்பேத்கர் எழுதினார்’ என்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எழுதியது பெரிதுதான். எழுதியதை நடுச்சபையில் வைத்து, வரிக்கு வரி கேள்வி கேட்கவிட்டு, நின்று பதில் சொன்னாரே, எனக்கு அதுதான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1948 நவம்பர் 4. வரைவை முன்வைத்துப் பேசுகிறார் அம்பேத்கர். கிராமங்களைப் போற்றுகிறவர்களை ஒரு பிடி பிடிக்கிறார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடம், தனிமனிதனை அலகாக வைத்து இந்த வரைவை எழுதியதில் தமக்கு மகிழ்ச்சி என்கிறார். காந்தி கொல்லப்பட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் காந்தியின் சீடர்கள். சபை எப்படிக் கொதித்திருக்கும்! அடுத்தடுத்த நாட்களில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து கிராமத்துக்காக வாதாடினார்கள்.

அம்பேத்கர் சொன்னது பொய்யா? கிராமம் என்றதும் நமக்கு ஊர் நினைவுக்கு வருகிறது. அவருக்குச் சேரி நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால், அன்று அவர் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நீக்க மாட்டேன்.

நவம்பர் 22. சென்னை மாகாணத்திலிருந்து வந்த கே.சந்தானம் எழுகிறார். ஊழல் தடுப்புக்கு ‘சந்தானம் கமிட்டி’ என்று பின்னாளில் சொன்னோமே, அதே சந்தானம். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றுக்குச் சுயாட்சிக்கு வேண்டிய அதிகாரம் தர அரசு முயல வேண்டும் என்று ஒரு திருத்தம் கொடுக்கிறார். பதினெட்டு நாளைக்கு முன்னால் கிராமத்தை அப்படிச் சாடியவர் என்ன செய்தார்? திருத்தத்தை ஏற்கிறேன் என்றார். ஆந்திரத்துப் பிரகாசம் முதலானோர் பேசி முடித்த பிறகும், ஏற்றுக்கொண்டுவிட்டேன், மேலே சொல்ல ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டார். தம் கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சபையின் கருத்துக்கு இடம் விட்டார். அப்படிப் பிறந்ததுதான் 40ஆம் பிரிவு.

முழு வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத வழிகாட்டு நெறிகளில்தான் அதை வைத்தார்கள். 1992இல் 73ஆவது திருத்தம் வந்த பிறகுதான் பஞ்சாயத்துக்கு எலும்பும் சதையும் வந்தன.

தோற்ற திருத்தங்களுக்கும் ஒரு வாழ்வு உண்டு. கே.டி.ஷா என்றொரு பேராசிரியர். மதச்சார்பற்ற, சோஷலிச என்ற சொற்களைச் சட்டத்தில் சேர்க்கப் போராடித் தோற்றார். 1976இல் அந்த இரண்டும் முகப்புரையில் ஏறின. ஏறிய காலம் நெருக்கடி நிலை என்பது வேறு கதை. ஷா கேட்டது அப்படிப்பட்ட காலத்தில் அல்ல. 1949 நவம்பர் 25 அன்று தம் இறுதி உரையில், ஷா, காமத் போன்ற கலகக்காரர்கள் இல்லாவிட்டால் சபை சுவையற்றுப் போயிருக்கும் என்று அம்பேத்கரே நன்றி சொன்னார்.

எல்லாம் சுமுகமா? இந்தியை ஆட்சிமொழியாக்கும் பிரச்சினையில் மூன்று நாள் அனல் பறந்தது. தெற்கே இருப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா என்கிற கேள்வி என்று கோவை டி.ஏ.இராமலிங்கம் செட்டியார் எச்சரித்தார். ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் போட்டு மூடினார்கள். மூடியது 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டமாகத் திறந்துகொண்டதை இங்கே இருக்கும் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தச் சபை எல்லா மக்களும் ஓட்டுப்போட்டு அமைந்த சபை அல்ல. பெரும்பாலும், சொத்தோ படிப்போ உள்ளவர்கள் தேர்ந்தெடுத்த மாகாண சபைகள் அனுப்பிய ஆட்கள். அப்படி வந்தவர்கள், 21 வயதான எல்லோருக்கும், கைநாட்டு வைப்பவர்களுக்கும், ஓட்டு என்று எழுதிவைத்தார்கள். சாதாரண மனிதன்மேல் வைத்த நம்பிக்கை இது என்றார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.

கூட்டத் தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு கோரிக்கை. அந்தச் சபை விவாதங்கள் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. நம் வாசகர் வட்டத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் சொற்பொழிவு வேண்டாம். 1948 நவம்பர் 22ஆம் தேதி நடந்த பஞ்சாயத்து விவாதத்தைத் தமிழில் பெயர்த்து, ஆளுக்கொரு உறுப்பினராக வாசிப்போம். சந்தானத்தின் பேச்சை நான் எடுத்துக்கொள்கிறேன். அம்பேத்கருக்கு அதில் ஓரிரு வரிதான். அதைப் படிக்க யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள், பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.