சிற்றூர் வாக்குகள் சொல்லும் செய்தி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் எழுத்தைக் கற்பித்து வந்திருக்கிறது. இன்று எண்ணைப் படிப்பது குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம். தேர்தல் முடிவில் வரும் எண்ணைத்தான் குறிப்பிடுகிறோம். பெருநகரத் தொகுதியில் இலட்சக்கணக்கான வாக்குகளுக்கிடையே ஒரு மனிதனின் வாக்கு மறைந்து விடுகிறது. சில நூறு பேரே வாழும் சிற்றூரிலோ ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முகம் உண்டு. அங்கே விழுந்த வாக்கும் பேசும், விழாத வாக்கும் பேசும்.

நம் மாலை வகுப்பில் அறுபது வயதுக்கு மேல் எழுத்தறிந்த மூதாட்டி ஒருவர், தேர்தலுக்கு முன்னாள் ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, நான் யாருக்குப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமா?” என்றார். அவர் வேலை செய்யும் வயலும், ஆடு மேய்க்கும் புறம்போக்கும், கடன் வாங்கும் கடையும் பிறர் கையில் இருந்தன. “தெரியாது பாட்டி, வாக்கு இரகசியம்” என்று உடனே விடை கூறினோம். அவர் தலையசைத்தார், ஆனால் நம்பவில்லை. அவர் நம்பாததற்குக் காரணம் அறியாமை என்று அன்று எண்ணினோம். பின்னர் ஆராய்ந்தபோதுதான், அவரது ஐயத்தில் உண்மை இருந்ததையும், நம் விடை பாதி விடையே என்பதையும் உணர்ந்தோம்.

தனி ஒருவர் அளித்த வாக்கைச் சட்டம் மறைத்து வைக்கிறது. ஒரு குடியிருப்பு அளித்த வாக்கை அது மறைப்பதில்லை. இன்று வாக்குகள் சாவடி வாரியாக எண்ணப்படுகின்றன. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் படிவம் 20 என்னும் அறிக்கையில் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது வெளியாகிறது. நம் மக்கள் 120 பேர் மட்டுமே வாக்களிக்கும் சாவடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 118 வாக்கு ஒருவருக்கு, 2 வாக்கு மற்றொருவருக்கு என்று முடிவு வந்தால், அந்த மற்றொருவர் ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவராக இருந்தால், மறுநாள் முழுச் சேரியும் அவர் கண்ணுக்குக் குற்றவாளி ஆகிவிடும். எவருடைய பெயரும் வெளியாகவில்லை. ஆயினும் எவரும் மறைந்திருக்கவில்லை.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில், வாக்காளர்கள் அச்சுறுத்தப்படக் கூடும் என்று ஆணையம் கருதினால், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பின்னரே எண்ணுவதற்கு விதி இருந்தது. இயந்திரம் வந்த பின் அந்தக் காப்பு மறைந்தது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இல் கூறியது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்தது. நடுவணரசு அதனை ஏற்கவில்லை. ஆகவே பாட்டியின் கேள்வி நாட்டின் உயர்ந்த அவைகளிலும் விடை பெறாமல் நின்ற கேள்வியே ஆகும்.

ஒரு மனிதருடைய வாக்கின் மதிப்பை நம் குடியரசு உணராமல் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் மாலோகம் என்னும் மலைக்குடியிருப்பில் ஒரே ஒரு பெண்மணிக்காக 2019இலும் 2024இலும் சாவடி அமைத்தார்கள். அலுவலர்கள் மலைப்பாதையில் நடந்து இயந்திரத்தைக் கொண்டு சென்றார்கள். ஒரு வாக்காளரையும் விடலாகாது என்னும் அந்த அறத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மலையேறிச் சென்ற குடியரசு, மதுரைக்கு அருகிலுள்ள சில சிற்றூர்களுக்குள் நுழையப் பத்தாண்டு காலம் திணறிற்று. அந்த வரலாற்றை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சித் தலைமையில் நம் மக்களுக்கு மக்கள்தொகைக்கேற்ப இடம் ஒதுக்கப்பட்டது. அதன்படி தமிழ்நாட்டில் 1996 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் நமக்கென ஒதுக்கப்பட்டன. ஊர்க்கட்டுப்பாடு குறுக்கே நின்றது. தேர்தல் அறிவிக்கப்படும்; மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. நம் மக்கள் அங்கே இல்லாமலா வரவில்லை? கூலிக்கும் குடியிருப்புக்கும் உயிருக்கும் அஞ்சியே வரவில்லை. சில முறை ஆதிக்கச் சாதியினரே நம்மவருள் ஒருவரைத் தெரிந்தெடுத்து நிறுத்தினர். அவர் வென்றார். வென்ற கையோடு விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாற்காலி மீண்டும் காலியாயிற்று. அரசின் பதிவேட்டிலோ மனு, போட்டி, வெற்றி, விலகல் யாவும் முறைப்படி நடந்தனவாக இருந்தது.

இந்த நிலை 2006 அக்டோபர் வரை நீடித்தது. அந்த ஆண்டில் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று பேசிற்று. அரசு உறுதியாக நின்றது. இயக்கங்கள் பல ஆண்டுகளாக ஓயாமல் குரல் கொடுத்திருந்தன. நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றனர். பத்தாண்டுகள் முடியாதிருந்தது ஒரு மாதத்தில் முடிந்தது என்றால், முடியாதது என்று முன்னர்க் கூறப்பட்டது உண்மையில் முயலப்படாததே என்பது விளங்கும்.

அதே மதுரை மாவட்டத்து மேலவளவின் கதை குருதியால் எழுதப்பட்டது. 1996இல் அந்த ஊராட்சியும் ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. வாக்குப் பதிவு ஒருமுறை வன்முறையால் குலைந்தது. அவ்வாண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று காவல் பாதுகாப்புடன் தேர்தல் நடந்தது. மற்றவர் புறக்கணித்தனர், முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குச் சென்று பேருந்தில் ஊர் திரும்புகையில் அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் மூவர் 2008இலும் பதின்மூவர் 2019இலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். ஒரு நாற்காலிக்கு நம் மக்கள் கொடுத்த விலை இது. அந்த நாற்காலியை வெறும் மரப்பலகை என்று எவரேனும் சொன்னால், மேலவளவை நினைவூட்டுங்கள்.

இளைஞர்களே! இவ்வரலாறுகளிலிருந்து மூன்று அடையாளங்களை மனத்தில் கொள்ளுங்கள். முதல் அடையாளம், ஒருவரும் மனுச் செய்யாத ஊர். இரண்டாவது, வென்றவுடன் விலகும் தலைவர். மூன்றாவது, பலரும் புகழ்ந்து பேசும் ‘ஒருமனதான தேர்வு’. இந்த மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

போட்டியின்றித் தேர்ந்தெடுப்பது ஒற்றுமைக்கு அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். குஜராத்தில் 2001 முதல் அவ்வாறு தேர்ந்தெடுக்கும் ஊர்களுக்கு அரசே ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் உண்டு. நம் தமிழ்நாட்டிலோ ஊராட்சித் தலைமையைக் கோயில் திடலில் ஏலம் விட்டு, அதிகத் தொகை கேட்டவருக்கு ‘ஒருமனதாக’ அளித்த செய்திகளைத் தேர்தல்தோறும் படித்திருக்கிறோம். அண்ணன் தம்பி நால்வர் இருக்கும் வீட்டில் ஒரு சோற்றுக் குழம்புக்கே நான்கு கருத்து எழும்போது, ஆயிரம் பேர் வாழும் ஊரில் எப்படி ஒரே கருத்து இருக்க முடியும்? மனம் ஒன்றாகியிருந்தால் நன்று. வாய்கள் மட்டும் ஒன்றாக மூடியிருந்தால், அது ஒற்றுமை ஆகாது. இரண்டையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: மாறுபட்டு நிற்க விரும்பிய ஒருவர், மறுநாளும் அச்சமின்றி அவ்வூரில் கூலிக்குப் போயிருக்க முடியுமா?

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு அவையில் இதன் வேரைத் தொட்டார். சிற்றூரை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்று பலர் விரும்பிய காலம் அது. ஊரை விடுத்துத் தனிமனிதனையே அலகாகக் கொண்டதற்காக அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். வாக்கு மனிதனுக்கு உரியது; ஊருக்கு உரியது அன்று. இந்த ஒரு நெறியை உறுதியாகப் பற்றிக் கொண்டால், மேற்சொன்ன விந்தைகள் அனைத்தும் விளங்கிவிடும். வாக்கைத் தனிமனிதனிடமிருந்து பறித்து ஊரின் சொத்தாக்கும் முயற்சியே அவை யாவும்.

ஒதுக்கீட்டிலேயே ஒரு முடிச்சு இருப்பதையும் நாம் அறிய வேண்டும். ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் வேட்பாளர் நம்மவர். வாக்காளரில் பெரும்பான்மையோர் பிறர். ஆகவே நம் நம்பிக்கைக்கு உரியவரைவிட, அவர்களுக்குப் பணிந்தவர் எளிதில் வெல்லலாம். 1932 செப்டம்பர் 24இன் பூனா ஒப்பந்தத்தில் இதற்கு ஓரளவு மருந்து இருந்தது. முதலில் நம் வாக்காளர் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரிலிருந்து பொது வாக்காளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். 1950இன் அரசியலமைப்பில் தனித்தொகுதி நிலைத்தது. அந்த முதனிலைத் தேர்தல் நிலைக்கவில்லை. ஆனால் நாமே நமக்குள் கூடிப் பேசித் தகுதியானவரை முன்னிறுத்துவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

வென்ற பின்னரும் போராட்டம் ஓய்வதில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது நடைமுறை. துணைத்தலைவர் ஒத்துழைக்க மறுத்தால் குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் பணம் எடுக்க இயலாது. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் நம் பெண் தலைவர் விடுதலை நாளில் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். சில நாட்களில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே கண்டது.

இவற்றுக்கு எதிரான கருவி நம் கையில் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வாக்களிப்பதில் மிரட்டுவதைத் தொடக்கம் முதலே குற்றமாக்கியது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதனை விரிவாக்கியது. மனுச் செய்யவிடாமல் தடுப்பதும், மனுவைத் திரும்பப் பெறச் செய்வதும், முன்மொழிபவரை அச்சுறுத்துவதும் குற்றம். ஊராட்சித் தலைவரின் கடமைக்கு இடையூறு செய்வது குற்றம். தேர்தலுக்குப் பின் தாக்குவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும் குற்றம். இவ்விதிகளை நம் கழகத்தின் ஒவ்வொரு படிப்பகத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டுகிறோம்.

இனிக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறர் ஊர்க்கட்டுப்பாட்டைக் கண்டிக்கும் நாம், நம் சேரியில் என்ன செய்கிறோம்? “நம் தெரு முழுக்க இன்ன கட்சிக்கே” என்று நான்கு பெரியவர்கள் முடிவு செய்து, கட்சிக்காரரிடம் கணக்குச் சொல்லும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. கணவன் சொன்ன சின்னத்திற்கே மனைவி போட வேண்டும் என்னும் வழக்கமும் இருக்கிறது. கூடி ஆலோசிப்பது நம் வலிமை. மாறுபடுகிறவரை ஒதுக்கி வைப்பது நாம் எதிர்க்கும் அதே நோய். தனிமனிதன் அலகு என்று அண்ணல் சொன்னது நம் தெருவிற்கும் பொருந்தும். நம் வீட்டுப் பெண்களுக்கும் பொருந்தும்.

ஆகவே நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியில் மூன்றைச் சேர்த்துக் கொள்ள வேண்டுகிறோம். ஒவ்வோர் ஊரிலும் வாக்காளர் பட்டியலையும் சாவடி வாரி முடிவுகளையும் படிக்கத் தெரிந்த இரு இளைஞர், அவருள் ஒருவர் பெண், பயிற்சி பெறட்டும். மனுச் செய்யும் நாளில் நம் வேட்பாளர் தனியே செல்லாமல், முன்மொழிபவரோடும் சான்று கூறத்தக்க பத்துப் பேரோடும் செல்லட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிறர் வயலையும் கடையையும் மட்டும் நம்பி வாழும் நிலையை மாற்றும் தொழிற்கல்வியும் கூட்டுறவும் வளரட்டும். பசித்த வயிற்றின் இரகசியத்தை எந்தப் பெட்டியாலும் காக்க முடியாது.

அந்த மூதாட்டி இன்று நம்மோடு இல்லை. இருந்திருந்தால், அன்று தந்த விடையைத் திருத்திச் சொல்லியிருப்போம்: “பாட்டி, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, நம் தெரு யாருக்குப் போட்டது என்பது தெரியக்கூடும். தெரிந்தாலும் உங்கள் கூலியும் குடிசையும் பறிபோகாதபடி நாங்கள் உடன் நிற்போம்.” இந்த விடையின் கடைசிப் பகுதி உண்மையாவது நம் கையில் இருக்கிறது. அவருடைய பேத்திகள் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாத நாளை உருவாக்க வெள்ளி விழா நாளில் உறுதி கொள்வோம்.